கை தட்டும் வரை

கதவு மூடியது, மேலே சிவப்பு பல்பு எரிந்தது, அதற்கப்புறம்தான் ஹெப்சிபாவுக்கு உறைத்தது, உள்ளே கை தட்ட ஆளில்லையே என்று. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளே அந்த எக்ஸ்ரே அறைக்குள் போய்விட்டுத்தான் வந்திருந்தாள். முதுகுப் பக்கம் நாடா வைத்த நீல அங்கியைக் கொடுத்தார்கள், மாட்டிக்கொண்டாள். தகட்டில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னார்கள், நின்றாள், தகடு ஐஸ் மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், தூக்கக் கலக்கத்தில் ஸ்டாப் பெயர் சொல்லும் கண்டக்டர் மாதிரி, "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம்ம், விடுங்க" என்றது, முடிந்துவிட்டது. எச்சில் விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை. அங்கியைக் கழற்றும்போது சிரிப்பு வந்தது, இதற்கா அப்பா தம்பிக்கு இரண்டு மாதமாகக் கொல்லையில் நின்று பயிற்சி கொடுத்தார் என்று. சிரிப்பு வந்த அந்த இடத்திலேயே புத்தி அடுத்த படிக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம், எதிராளி வாயைத் திறக்குமுன்பே அவன் எந்த இடத்தில் சறுக்குவான் என்று கண்டுபிடிக்கிறவள் என்று பெயர் வேறு. தம்பி எந்த இடத்தில் சறுக்குவான் என்பது மட்டும் அவன் உள்ளே போய்க் கதவு மூடிய பிறகு தெரிகிறது. 'விடுங்க' என்று சொன்னால் டைட்டஸ் விடமாட்டான். யாராவது கை தட்டினால்தான் விடுவான். எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா, எங்க தம்பிக்கு... எங்க தம்பிக்கு? அடுத்த வார்த்தை என்ன? பதினேழு வருடமாக அந்த வீட்டில் யாரும் அந்த வாக்கியத்தை முடித்ததில்லை. 'கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவான்' என்பார் அப்பா. 'ரொம்ப அமைதி' என்பாள் அம்மா, அவன் குக்கர் மூடியை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போதே. முடிக்காத வாக்கியத்தோடு ஒருத்தி எழுந்து போய் என்ன செய்ய முடியும்? தவிர, அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். விடிகாலை, ரயில் தாம்பரம் தாண்டும்போது, அம்மா முகம் கழுவி வந்து எதிரில் உட்கார்ந்து கேட்டாள்: "ஏட்டி, இன்னைக்கு ஒரு நாளு. ஒரே ஒரு நாளு நீ வாயத் தொறக்கப்பிடாது. ஒங் கோர்ட்டு கச்சேரி எல்லாத்தையும் நாளைக்கு வச்சுக்க." "அவங்களா கேட்டா பதில் சொல்லலாமா?" "பாத்தியா, இப்பமே தொடங்கிட்டா." "சரிம்மா, தொறக்க மாட்டேன்." "சத்தியமா?" "பைபிள் எடுத்துட்டு வந்திருக்கியா, கைய வைக்கிறதுக்கு?" அம்மா சிரிக்கவில்லை, கும்பிடுகிற மாதிரி ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் அவள் சரி என்றாள்.

அந்த அம்மா இப்போது இரண்டு நாற்காலி தள்ளி கைப்பையை மடியில் வைத்து, பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அப்பா, பி.டி. வாத்தியார், உட்கார்ந்தாலும் அணிவகுப்பு மாதிரி முதுகு நிமிர்த்தி, இரண்டு கையும் இரண்டு முழங்காலில். துக்க வீடு மாதிரி இருக்கிறது இந்த ஹால், ஊதுபத்திக்குப் பதில் டெட்டால் வாசனை. சுற்றிலும் எத்தனையோ பேர், எல்லோரும் வெளிநாடு போகிறவர்கள், உடம்பைக் காட்டிச் சான்று வாங்க வந்தவர்கள், ஒருத்தரும் எந்த நாட்டுக்கு என்று சொல்லமாட்டேன் என்கிறார்கள். எதிரில் புது ஷூ போட்ட ஒரு பையன், அந்த ஷூவை இங்கேயே பழக்கிக்கொள்கிறான் போல, அடிக்கடி விரலை மடக்கி நீட்டுகிறான். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அம்மாவிடம் கேட்டாள், "எந்தப் பக்கம் போறீங்க ஆன்ட்டி?" அம்மா: "அந்தப் பக்கந்தான்மா. நீங்க?" "நாங்களும் அந்தப் பக்கந்தான்." இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்கள். கண்ணு பட்டுவிடுமாம். விசா கைக்கு வரும்வரை பெயரைச் சொல்லக்கூடாதாம். வீட்டிலேயே சொல்லக்கூடாது, 'அங்க' என்றுதான் சொல்ல வேண்டும். அங்க குளிராம். அங்க நர்சுக்கு மரியாதையாம். அங்க ஆஸ்பத்திரியில் வார்டுக்கு இத்தனை பேருக்கு மேல் ஒரு நர்சு பார்க்கக்கூடாதென்று சட்டமாம். பாளையங்கோட்டையில் இருபது வருடமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கால் வீங்க வீங்க நின்ற அம்மா அதைச் சொல்லும்போது ஏதோ வேதாகம வசனம் சொல்வது மாதிரி சொல்வாள். சபையில் ஜெபக் குறிப்பு கொடுத்தார்கள், 'பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பத்தின் பிரயாணக் காரியம்' என்று. பாதிரி ஐயர் அதை வாசித்த நிமிடம் கோயிலே திரும்பி இவர்கள் பெஞ்சைப் பார்த்தது. பெயர் சொல்லாத குடும்பம் நான்கு பேரும் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். மூன்று பேர். டைட்டஸ் நிமிர்ந்து எல்லோருக்கும் கையாட்டினான்.

ஏன் இன்னும் பல்பு அணையவில்லை? அவளுக்கு எரிந்து அணைந்ததா, எவ்வளவு நேரம் எரிந்தது, உள்ளே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும் வெளியே எவ்வளவு நேரம் எரிகிறதென்று. முதலில் அங்கி மாற்ற வேண்டுமே. நாடா கட்டத் தெரியாது அவனுக்கு, யாராவது கட்டிவிடுவார்கள், கட்டிவிட்டால் 'ஐ ஆம் ஃபைன்' என்று சொல்வான். இந்த 'ஐ ஆம் ஃபைன்' அம்மாவின் பங்கு. குட் மார்னிங் டாக்டர், மை நேம் இஸ் டைட்டஸ், ஐ ஆம் ஃபைன். மூன்று வாக்கியம், அதற்கு மேல் கேட்டால் சிரிக்க வேண்டும், பல் தெரியாமல். மூன்றில் மூன்றாவது அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போய், சிலிண்டர் போட வருகிறவரிடம் ஐ ஆம் ஃபைன், மதில் மேல் போகிற பூனையிடம் ஐ ஆம் ஃபைன், வீட்டு ஜெபத்துக்கு வந்த ஐயர் தலையில் கை வைத்து 'உனக்காக என்ன ஜெபிக்கணும் தம்பி' என்று கேட்டபோதும் ஐ ஆம் ஃபைன். ஐயர் கொஞ்சம் அசந்துதான் போனார். அப்பாவின் பங்கு மூச்சு. எக்ஸ்ரேயில் மூச்சுப் பிடிக்கச் சொல்வார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவர் அதை ஒரு விளையாட்டுப் போட்டி மாதிரி எடுத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் பிடிக்கிறானோ அவ்வளவு மார்க்கு என்று நினைத்துவிட்டார் மனுஷன். முப்பது வருடம் பிள்ளைகளை ஓடவிட்டு மூச்சைப் பார்த்தவர், வேறு எப்படி நினைப்பார்? "நல்லா பிடிச்சாம்னா நுரையீரல் ஸ்ட்ராங்குன்னு எழுதுவான்ல" என்றார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தினமும் சாயங்காலம். "ஏல, நிமுந்து நில்லு. நாடியத் தூக்கு. நெஞ்ச விரி." விசில் ஊதினால் டைட்டஸ் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், அதனால் கை தட்டல். ஒரு தட்டு, மூச்சை இழுத்துப் பிடிக்கணும். இன்னொரு தட்டு, விடணும். நடுவில் யார் என்ன சொன்னாலும் விடக்கூடாது. அதைத்தான் அப்பா குறிப்பாகச் சொல்லிக்கொடுத்தார், நடுவில் யார் என்ன சொன்னாலும். அதைச் சோதிக்க அவரே நடுவில் பேசிப் பார்ப்பார், "ஏல, காப்பி வேணுமா? முறுக்கு இருக்கு. பஸ்சு வருது பாரு." கண் இரண்டும் முறுக்குப் பக்கம் ஓடும், கன்னம் உப்பியே இருக்கும், விடமாட்டான். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், "என்ன சார், மவன போலீசு வேலைக்கு அனுப்புதீங்களோ?" "சும்மா, யோகா" என்றார் அப்பா. "யோகாவா? நீங்களா?" என்று அவர் கோயில் சிலுவைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப்போனார். பயிற்சி முடிந்ததும் டைட்டஸ் அவளைத் தேடி வருவான். "இப்ப அக்கா." ஒரு தட்டுத் தட்டுவான். அவள் பிடிக்க வேண்டும். அவன் முகத்துக்கு நேரே குனிந்து மூக்குத் துவாரத்தைப் பார்ப்பான், ஏமாற்றினால் "கள்ளி" என்பான். சில நாள் இரண்டாவது தட்டை மறந்துவிட்டு, திறந்து கிடக்கிற பேனாவுக்கோ தண்ணீர் பாட்டிலுக்கோ மூடி போடப் போய்விடுவான். மூடி இல்லாத எதையும் அவனால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது, இங்கேகூட வந்ததும் வரவேற்பு மேசைப் பெண்ணின் பேனா எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். ஆனால் எங்கே போனாலும் ஞாபகம் வந்து ஓடி வருவான். ஓடி வந்து தட்டுவான். அவள் பெரிய சத்தத்தோடு மூச்சை விட வேண்டும். விட்டால் அவன் முகத்தில் வருகிற அந்தச் சந்தோஷம், ஆளைக் கிணற்றிலிருந்து தூக்கிவிட்ட மாதிரி.

சட்டென்று எல்லாம் நின்றது. ஃபேன், ஏசி, மூலையில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த டிவி, சிவப்பு பல்பு. கைக்குழந்தை ஒரு வினாடி யோசித்துவிட்டு அழ ஆரம்பித்தது. "கரண்டு போச்சு" என்று எல்லோருக்கும் தெரிந்ததை யாரோ சொன்னார்கள். மேசைப் பெண் எழுந்து, "உக்காருங்க, உக்காருங்க, ஜெனரேட்டர் போடுவாங்க. எக்ஸ்ரே மெஷின் மட்டும் திரும்பி ஆன் ஆகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்" என்றாள். பிடிக்கும். என்ன வார்த்தை போட்டாள் பார். உள்ளே ஜன்னல் கிடையாது, இருட்டாக இருக்கும். இருட்டுக்கு அவன் பயப்படமாட்டான், கை காய வைக்கிற மெஷினுக்குத்தான் பயம், ஸ்டேஷனில் அந்தச் சத்தத்துக்கு அப்பாவின் சட்டைக்குள் புகுந்துகொண்டான். இருட்டு பரவாயில்லை. ஆனால் தகட்டில் நெஞ்சை ஒட்டி, மோவாயைத் தூக்கி, 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று சொன்ன பிறகு கரண்டு போனதா, சொல்லுமுன் போனதா? சொன்ன பிறகு என்றால் அவன் இருட்டுக்குள் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறான். அந்தப் பெண் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மெஷினைப் பார்ப்பாளா, இவன் கன்னத்தைப் பார்ப்பாளா? மூச்சு தானாக வந்துவிடும், யாரும் மூச்சைப் பிடித்துச் செத்ததில்லை, உடம்பு விடாது, இது அறிவியல், அம்மாவே சொல்லியிருக்கிறாள். வந்துவிடும்தான். வந்ததும் அவன் தப்புப் பண்ணிவிட்ட மாதிரி முழித்து உடனே திரும்ப இழுத்துப் பிடித்துக்கொள்வான், திரும்ப, திரும்ப, தட்டும்வரை. அதை அந்தப் பெண் பார்ப்பாள். பார்த்து உள்ளே டாக்டரிடம் சொல்வாள். சார், அந்தப் பையன் ஒரு மாதிரி. ஒரு மாதிரி! இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே மருத்துவச் சொல். அம்மாவுக்கு இது தோன்றியிருக்குமா? அம்மா பையின் வாரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டாள். தோன்றியிருக்கிறது. அப்பாவைப் பார்த்தாள் ஹெப்சிபா. அப்பா மூடிய கதவைப் பார்த்தபடி இருந்தார், அவர் நெஞ்சு ஏறி அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஐயோ, இவரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கனம் நடுவர் அவர்களே, என்று அவள் மனசு ஆரம்பித்தது. பயம் வந்தால் அதற்கு இதுதான் பழக்கம், உடனே மேடை ஏறிவிடும். ஒரு நாடு தன் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களின் நெஞ்சைத் திறந்து பார்க்கிறது, பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிற சந்தைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மாட்டுக்காவது மூன்று வாக்கியம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதில்லை. கைதட்டல். எதிரணி எழுகிறது, எதிரணியிலும் அவளேதான்: காசநோய் ஒட்டும், சோதிக்கிறார்கள், நியாயம்தானே, உன் வீட்டுக்கு ஆள் வந்தால் நீ பார்க்கமாட்டாயா? சரி, ஒட்டுகிறதைச் சோதி. டைட்டஸ் ஒட்டுவானா? அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்காவது பேனா மூட வேண்டுமென்று ஆசை வந்துவிடுமா? ஒட்டமாட்டான், ஆனால் செலவு வைப்பான் என்கிறது எதிரணி, அவனுக்கென்று ஒரு பள்ளிக்கூடம், ஒரு டீச்சர், காலம் முழுக்க ஒரு கை, அதை அந்த ஊர் ஜனங்கள் ஏன் கொடுக்க வேண்டும்? ஏன் என்றால், ஏன் என்றால் எங்கள் அம்மாவின் இரண்டு கால்களை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள் ஐயா, வீங்கின இரண்டு கால், அவள் கால் மட்டும் வேண்டும், அவள் பிள்ளை வேண்டாமா? இதற்கு எதிரணி வாயடைத்துப்போக வேண்டும். போகவில்லை. எதிரணி மெதுவாகக் கேட்டது: உன் ஊரில் மட்டும் என்ன கிழித்தார்கள்? அதுதான். அங்கேதான் ஒவ்வொரு தடவையும் வந்து முட்டிக்கொள்கிறது. மூன்று பள்ளிக்கூடத்தில் 'மத்த பிள்ளைகளுக்குக் கஷ்டம்' என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாவதில், அப்பா வேலை பார்க்கிற பள்ளிக்கூடம், கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள், உட்காரவைத்ததோடு சரி. அம்மா போன் வீடியோவில் ஒரு வகுப்பறையைக் காட்டினாள், அங்க உள்ளது, வட்டமாக மேசை, டைட்டஸ் மாதிரி நாலைந்து பேர், ஒருத்தன் ஒரு டப்பாவை மூடி மூடித் திறக்கிறான், டீச்சர் அவனைத் திட்டாமல் இன்னொரு டப்பா கொடுக்கிறாள். அந்த ஒரு நிமிட வீடியோவை அம்மா எத்தனை தடவை பார்த்திருப்பாள். அவனுக்காகத்தான் போகிறார்கள். அவனை மறைத்தால்தான் போக முடியும். இதை எந்த மேடையில் போய்ப் பேசுவது, எந்தப் பக்கம் நின்று?

ஜெனரேட்டர் எங்கோ கீழே இருமி இருமி நின்றது. "டீசல் இல்ல போல" என்றான் புது ஷூ பையன், பொதுவாக. வீட்டு அடுக்களையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இப்படித்தான் இருமும். அதைப் போட்டுக்கொண்டுதான் அப்பாவும் அம்மாவும் பேசினார்கள், போன வாரம், அவள் கேட்கக்கூடாதென்று. "ஒருவேள ரிப்போர்ட்ல அவனப் பத்தி எதும் எழுதிட்டாம்னா?" இது அப்பா. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், நிறுத்தாமலே சொன்னாள்: "கடக்கரப் பக்கம் கன்னியாஸ்திரி சிஸ்டர்மாரு ஒரு ஹோம் நடத்துதாவ. சுத்தமா இருக்கு, நான் போயிப் பாத்துட்டேன். ஒரு வருசந்தான். நான் அங்க போயி காலூனி நின்னுக்கிட்டு, பொறவு எப்பிடியும் கூப்ட்டுக்கிடலாம்." "அவன் இருப்பானாடி?" "இருக்க மாட்டான்." துருவல் நிற்கவில்லை. "அதுக்குத்தான சொல்லுதேன், ரிப்போர்ட்ல எழுதக்கூடாதுன்னு." நான் போயிப் பாத்துட்டேன். எப்போது போனாள், எந்த ட்யூட்டிக்கு என்று பொய் சொல்லிவிட்டுப் போனாள்? அந்த நிமிடம் ஹெப்சிபா உள்ளே போய் நின்று பேசியிருக்க வேண்டாமா? மூன்று வருடமாகப் பேச்சுப் போட்டிக் கோப்பைகளை வாங்கி அலமாரியில் அடுக்கியிருக்கிற வாய். உள்ளே போனாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், குடித்தாள், மூடாமல் வைத்துவிட்டு வந்தாள். பின்னாலேயே டைட்டஸ் வந்து மூடினான். அவனை விட்டுவிட்டுப் போவதென்றால் நான் வரமாட்டேன், அவனோடு இங்கேயே இருப்பேன், நானே பார்த்துக்கொள்வேன் என்று அன்று ராத்திரி தலையணையிடம் அருமையாக வாதாடினாள், தலையணை ஒத்துக்கொண்டது. ஆனால் அதற்கும் அடியில் ஒன்று கிடக்கிறது, அதைத் தொடாமல் இருக்கத்தான் இவ்வளவு பேச்சும். போனில் மேப்பைத் திறந்து அவள் அந்த ஊர்த் தெருவில் நடந்து பார்த்திருக்கிறாள். கல்லூரியில் எல்லோரிடமும் 'நான்லாம் போகமாட்டேன், இங்கேயே கோர்ட்டில் கோட்டுப் போடுவேன்' என்று சொல்லிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா வேலை பார்க்கப்போகிற ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பித்து, விரலால் தள்ளித் தள்ளி, சிவப்பு ஓட்டு வீடுகள், ஒரு புத்தகக் கடை, ஒரு பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகத்தின் பெரிய கேட். கேட்டுக்குள்ளேயும் போனாள். மரத்தடி பெஞ்சு ஒன்றில் உட்காரக்கூட உட்கார்ந்தாள் மனசால். ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தாள், அந்த நடை முழுக்க அவள் தனியாக நடந்திருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு யாரும் வரவில்லை. கை வீசி நடந்திருக்கிறாள். அவனை யாரும் எங்கும் விடவில்லை, ஹோமில் சேர்க்கவில்லை, வெறுமனே மறந்துபோனாள். அம்மாவாவது போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், சுத்தமாக இருக்கிறதா என்று.

அப்படியானால் இப்போது உனக்கு என்னதான் வேண்டும்? அவன் தேறிவிட வேண்டுமா, தேறாமல் போக வேண்டுமா? தேறிவிட்டால் போக வேண்டும். தேறாவிட்டால் யாரும் போகவேண்டாம், அல்லது அவனைத் தவிர எல்லோரும். கதவைத் தட்டிச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாயே, அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகவா? இல்லை, மூச்சு முட்டி அவன் தானாகவே மாட்டிக்கொண்டால் உன் கையில் ரத்தம் படாது என்றா? சே. சே. அப்படியெல்லாம் இல்லை. அப்படி இல்லை என்று யார் சொன்னது? நடுவர் எங்கே?

ஏசி ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. டிவி வந்தது. எல்லா வெளிச்சமும் வந்து கடைசியாகச் சிவப்பு பல்பு வந்தது, அணைந்தது, திரும்ப வந்தது, அணைந்தது. கதவு திறந்தது. கனமான கவச அங்கியோடு அந்தப் பெண் பாதி உடம்பை மட்டும் வெளியே நீட்டி, "இந்தப் பையன் கூட வந்தவங்க யாருங்க?" என்றாள். ஹாலே நிமிர்ந்தது. "விடுங்கன்னு சொன்னா விட மாட்டேன்றான். மூஞ்செல்லாம் செவந்து போச்சு. விட்டாலும் உடனே திரும்பி இழுத்துப் பிடிச்சுக்கிறான், படம் ஆடிப் போகுது. என்னங்க பையனுக்கு?" என்னங்க பையனுக்கு. அம்மா எழுந்துவிட்டாள், பல் தெரியாத சிரிப்பு, அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே சிரிப்பு. "ஒண்ணுமில்ல மேடம், சும்மா வெளையாடுவான். கொஞ்சம் கூச்சம். ஏல டைட்டு, மூச்ச விடு மக்கா." நடுவில் யார் என்ன சொன்னாலும் விடக்கூடாது. பாதிக் கதவு வழியே அவன் தோள் ஒன்று தெரிந்தது, நீல அங்கிக்குள் மேலே ஏறி நின்ற தோள், அது நடுங்கியது. அப்பாவின் கைகள் முழங்காலை விட்டு எழும்பின. நெஞ்சு உயரம் வந்தன, ஒன்றுக்கொன்று எதிரெதிராக, நடுவில் ஒரு ஜாண் காற்று. அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். கைகள் அப்படியே நின்றன. ஆயிரம் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்த கைகள், ஒரு ஹால் நிறைய வேற்று ஆட்கள் பார்க்க, அந்த ஒரு ஜாண் தூரத்தைக் கடக்க முடியாமல் இறங்கின. ஹெப்சிபா வாயைத் திறக்கவில்லை. தட்டினாள். டெட்டால் வாசனைக்குள் அது பட்டாசு மாதிரி கேட்டது. கைக்குழந்தை அழுகையை நிறுத்தியது. பாதிக் கதவுக்குள் இருந்து ஒரு பெரிய, ஆனந்தமான, வெட்கமே இல்லாத மூச்சு வெளியே வந்தது, அதன் பின்னால் குரல்: "அக்கா!"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு கதவைப் பார்த்தார்கள். பிறகு, தெரிந்துவிட்டவர்களின் கனிவோடு, டிவியைப் பார்த்தார்கள். அந்தக் கனிவைத்தான் அவளால் தாங்க முடிவதில்லை. அம்மா உட்கார்ந்துவிட்டாள், அவள் பக்கம் திரும்பவே இல்லை. நான் அவனுக்காகத்தான் தட்டினேன் அம்மா. அவனுக்காகத்தானே? மூச்சு முட்டியது, தட்டினேன், அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. இல்லை, அந்த வேறொன்றும் உள்ளே எங்காவது உட்கார்ந்துகொண்டு கூடவே தட்டியதா? இனி ஆயுசு முழுக்க இந்த வழக்கு நடக்கும், வாய்தா வாங்கி வாங்கி. எக்ஸ்ரே பெண் மட்டும் கனிவும் இல்லாமல் கடுப்பும் இல்லாமல், அடுத்த வேலையைப் பார்க்கிற குரலில், "ஓ, தட்டுனாத்தானா? மொதல்லயே சொல்றதுக்கென்ன. இன்னொரு படம் எடுக்கணும். யாராவது ஒருத்தர் வாங்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு தட்டுங்க" என்றாள். ஹெப்சிபா எழுமுன் அப்பா எழுந்துவிட்டார். "நான் வாரேன் மேடம்" என்றார், மைதானத்தில் பேசுகிற குரலில், தேவைக்கு மேல் சத்தமாக. "நாந்தான் சொல்லிக்குடுத்தது." கதவு மூடியது. பல்பு எரிந்தது. ஒரு தட்டு, கதவுக்கு அப்பால், மந்தமாக. உடனே இன்னொன்று. எச்சில் விழுங்குகிற நேரம்.

டைட்டஸ் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். கன்னத்தில் இன்னும் சிவப்பு. நேரே அவளிடம் வந்தான், மூக்குக்கு நேரே குனிந்தான். "இப்ப அக்கா." தட்டினான். அவள் இழுத்துப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்தில் பிளைவுட் தடுப்பு வைத்த அறையின் கதவு திறந்து நர்சு, "டைட்டஸ். டாக்டர் கூப்பிடறார். பையன் மட்டும்" என்றாள், அவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான், கதவு சாத்தியது. மூச்சு உள்ளேயே நின்றது. விட்டுவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? அவனுக்கு இனி ஞாபகம் வராது, உள்ளே மேசை நிறைய மூடாத பேனா இருக்கும். விடவில்லை. பிளைவுட் வழியே எல்லாம் கேட்டது. "குட் மார்னிங் டாக்டர்." சரி. "மை நேம் இஸ் டைட்டஸ்." சரி. அம்மாவின் கண்கள் மூடியிருந்தன, உதடு அசைந்தது. ஒரு வயதான ஆணின் குரல், நல்ல குரல்தான், "ஹவ் ஆர் யூ, டைட்டஸ்?" சொல்லு. சொல்லுடா. பூனைக்குச் சொன்னாய், சிலிண்டர்காரருக்குச் சொன்னாய். காதுக்குள் அடைத்தது, நெஞ்சுக்குள் ஒரு ஆள் கதவை முட்டுகிற மாதிரி முட்டியது, டிவியில் யாரோ வாயசைத்துக்கொண்டே இருந்தார்கள். சொல்லுடா. உள்ளே நாற்காலி நகரும் சத்தம். அப்புறம், பிளைவுட் அதிர, ஒரு தட்டு.

"யாருக்குப்பா தட்டுறே?" என்றது அந்தக் குரல், தமிழில்.

"அக்காவுக்கு. வெளிய இருக்கா. மூச்சு முட்டும்லா?"

ஹெப்சிபா மூச்சை விட்டாள், சத்தமாக, தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி. உள்ளே அவன் சிரித்தான். அம்மா கண்ணைத் திறந்து, கைப்பையை அவள் மடியில் வைத்தாள். சேலையை இழுத்துச் சரி செய்துகொண்டு எழுந்து, வார்டில் படுக்கையிலிருந்து படுக்கைக்குப் போகிற அந்த வேக நடையில் போய், டாக்டர் கதவைத் தட்டினாள்.

"சார், உள்ள வரலாமா? நான் அவனோட அம்மா. எம் பையனுக்கு..." என்று ஆரம்பித்தாள், கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.